சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

என் தங்கை கார் ஓட்டும் தேர்வில் மூன்றாவது தடவைதான் தேறினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டி வரும்; அப்புறம் இது மறந்துபோகும்.

நான் முதல் தடவையிலேயே தேறினேன். இருவருக்கும் ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே மாஸ்டர், மூக்கு நசுங்கிய அதே வெள்ளைக் கார். வண்டியைப் பின்னால் எடுத்துக் கம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். நான் ஒரு கம்பையும் தொடவில்லை. அவள் வரிசையாகச் சாய்த்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கிப் போய் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். தேர்வு பார்த்த அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோற்றவளைப் பார்த்துச் சிரித்தாரே ஒழிய, தேறிய என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்றைக்குத் தினமும் கார் ஓட்டுகிறவள் அவள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவள் நான். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? வயிறு எரிகிறது.

சின்னவள் என்றுதான் வீட்டில் அவளைச் சொல்வோம். ஆள் என்னைவிட ஒரு சாண் உயரம். சின்ன வயதிலிருந்தே எனக்குப் புதுசு, அவளுக்கு என் பழசு. சட்டையும் அப்படித்தான், செருப்பும் அப்படித்தான், சைக்கிளும் அப்படித்தான். நியாயப்படி பொறாமைப்பட வேண்டியவள் அவள். ஆனால் நான் அழுக்காகிவிடுமே என்று மடித்து வைத்து மடித்து வைத்தே போடாமல் விட்ட கவுனை, எனக்குச் சிறுத்த பிறகு அவள் எடுத்துப் போட்டுக்கொண்டு மண்ணில் புரண்டாள். பார்த்தவர்களெல்லாம் இந்தக் கவுன் இவளுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இது.

அவள் வேலை ரத்தம் எடுப்பது. ஒரு லேபில் இருக்கிறாள். நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள், பிரசவம் ஆனவர்கள் என்று வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய், விடிந்தும் விடியாததுமாக ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் ஸ்கூட்டரில்தான் போவாள். ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்து, முழங்கையும் தேய்ந்து, ஒரு தெரு ஆட்களின் ரத்தமும் ரோட்டில் ஓடிய பிறகு கார் வாங்கினாள்.

கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கோழிப்பண்ணைக்காரர் முட்டை ஏற்றி ஓய்ந்த வண்டி. ஒரு நல்ல துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அதைவிட அதிக விலை. விசிறியைப் போட்டால் இன்றும் எப்போதாவது ஒரு கோழி இறகு கிளம்பி வந்து மடியில் விழும். இடப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது; கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். மழை பெய்தால் பக்கத்தில் உட்காருபவரின் வலது முழங்காலில் மட்டும் ஒழுகும். அதற்கென்று ஒரு பழைய துண்டு வண்டியிலேயே கிடக்கிறது. சாவித் துவாரம் தேய்ந்துபோய் எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்பும். "உன் பீரோ சாவியப் போட்டாக்கூட ஓடும் அக்கா" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, என் இடுப்பிலிருந்த கொத்தைப் பிடுங்கி நிஜமாகவே போட்டுக் காட்டினாள். இந்த லட்சணத்தில் அதற்குச் செல்லப் பெயர் வேறு: மகராசி.

நான் வைத்த பெயர் தகர டப்பா. முதல் நாளிலிருந்தே வைத்துவிட்டேன். "டப்பா இன்னும் உருளுதா?" என்று கேட்காமல் அவளிடம் வேறு பேச்சைத் தொடங்கியதில்லை.

அந்த டப்பா தினமும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது என்பதுதான் கொடுமை. அதன் செல்ஃப், இன்ஜின் சூடாக இருந்தால் எடுக்கும். ராத்திரி முழுக்க ஆறிவிட்டால் காலையில் எடுக்காது. அவள் தெரு வட்டில்போலத் தட்டை. அவள் வீட்டுக்காரர் ரொட்டி அடுப்பில் இரவு வேலை. இவள் கிளம்பிப் போன பிறகுதான் மாவு படிந்த தலையோடு வீடு திரும்புவார். தள்ளிவிட ஆள் கிடையாது. எங்கள் தெருவோ நல்ல சரிவு, எங்கள் வீடு அதன் உச்சி. அதனால் தினமும் சாயங்காலம் வண்டியை மேலே கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி எங்கள் ஜன்னலுக்கு நேரே நிறுத்திவிட்டு நடந்து போவாள். காலையில் வந்து உருட்டிவிட்டால் பாதிச் சரிவில் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவாள். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பிவிடும்.

கைப்பிரேக்கை நம்ப முடியாது. அதற்காக முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். வண்டியின் பாரம் முழுக்கக் கல்மேல் இருப்பதால், ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால்தான் இன்னொரு ஆள் கல்லை உருவ முடியும். அந்த இன்னொரு ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? தினமும் காலையில், தலையைக்கூட முடியாமல், தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்து கல்லை எடுப்பேன். அவள் "வரட்டா அக்கா" என்று கையை ஆட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சரிவில் இறங்கிப் போவாள். நான் கல்லைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தேர்வில் தேறியவள் கல்லோடு நிற்க, கம்பைச் சாய்த்தவள் காரில் போகிறாள்.

அதே வாசலில், அந்த டப்பாவுக்குப் பின்னால், மேட்டுப் பக்கமாக, எங்கள் புது வண்டியும் நிற்கிறது. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பல வருஷம் ஆசைப்பட்டு வாங்கினார். நான் அதற்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். எப்போதும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒரு வேலையும் செய்யாது. மேலே சாம்பல் நிற உறை. உள்ளே சீட்டில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படவில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். பள்ளிக்கூடம் நடை தூரம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் உறையைக் கழற்றி, துடைத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைத்தெரு வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி துடைத்து, உறையைப் போடுவார்.

நான் வேலை பார்ப்பது கர்ட்டன் கடையில். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, மாதிரித் துணி தைத்த தடித்தடியான புத்தகங்களை விரித்துக் காட்டி, ஆர்டர் பிடித்து வர வேண்டும். அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தோளில் அது, மறு கையில் சில நாள் கர்ட்டன் கம்பி, இரண்டு பஸ் மாற வேண்டும். வண்டி வந்த புதிதில் ஒரு நாள் கேட்டேன்.

"ஏங்க, அளவெடுக்கப் போற அன்னிக்கு மட்டும் வண்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுமா? எனக்குத்தான் லைசன்ஸ் இருக்கே."

"லைசன்ஸ் இருந்தாப் போதுமா? புது வண்டி. கீறல் விழும்."

இன்னொரு தடவையும் கேட்டேன். அப்போதும் அதே கீறல். அப்புறம் கேட்கவில்லை. நல்ல மனுஷர்தான், குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். ஆனால் அந்தக் கார் விஷயத்தில் வைக்கோல்போர் நாய்க்கும் அவருக்கும் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

சாவிகூட என் கைக்கு வராத வண்டிமேல் ஆசைப்பட்டு என்ன பயன்? ஆசை மெல்ல மெல்ல டப்பாவின்மேல் திரும்பியது. அதன் கதவு பூட்டியிருக்காது. சாயங்காலம் குப்பை கொட்டப் போகிற சாக்கில் உள்ளே ஏறி உட்காருவேன். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டால்தான் எனக்குக் கால் எட்டும். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இறங்கிவிடுவேன். அவ்வளவுதான். ஓட்ட வேண்டும் என்ற ஆசை தொண்டை வரை வந்து நிற்கும். அவளிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் வருஷம் முழுக்க டப்பா டப்பா என்று வாய் ஓயாமல் சொன்னவள், "டப்பாவக் கொஞ்சம் குடு" என்று எந்த வாயால் கேட்பேன்?

அவள் பேசுவதைக் கேட்டால் இன்னும் எரியும். சர்க்கரை நோய்க்காரத் தாத்தா ஒருவர் இருக்கிறாராம். ராத்திரி சாப்பிட்டதோடு சரி, இவள் வந்து ரத்தம் எடுத்த பிறகுதான் காலையில் வாய் நனைப்பார். மகராசியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாராம். இன்னொரு வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதும்தான் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைப்பார்களாம். என் சத்தம் கேட்டு யாரும் எதையும் அடுப்பில் வைத்ததில்லை. நான் அளவெடுக்கப் போனால் "யாரு? இன்னிக்கா வரேன்னு சொன்னீங்க?" என்பார்கள்.

"கண்ணு வைக்காத அக்கா" என்பாள் சிரித்துக்கொண்டே. "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதும்பாங்க."

"கல்லு என் கையிலதாண்டி இருக்கு, பாத்துக்க" என்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை வந்தது. பெரிய வீடு ஒன்றில் எல்லா ஜன்னலையும் அளந்துவிட்டு, புத்தகங்களும் கம்பிகளுமாக பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தூரத்திலேயே சத்தம் கேட்டது. மகராசி வருகிறாள். முன்னால் ஒரு அம்மாள், பின்னால் மூன்று பேர், ஒருவர் மடியில் கொய்யா மரக் கன்று ஒன்று, அதன் தலை ஜன்னலுக்கு வெளியே ஆடுகிறது. எல்லோரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னைப் பார்த்துவிட்டு ஓரம் கட்டினாள்.

"ஏறிக்க அக்கா!"

"எங்கடி ஏறது? உள்ள ஊரே இருக்கு."

"கொய்யாக் கன்ன மேல கட்டிடலாம். இவங்க தள்ளி உக்காருவாங்க. வா."

பின்னால் இருந்தவர்கள் நிஜமாகவே நெருக்கி உட்கார்ந்து இடம் செய்தார்கள். முன்னால் இருந்த அம்மாள் என் கம்பிகளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"வேணாம், என் பஸ் வருது" என்றேன்.

பஸ் எதுவும் வரவில்லை. அவளும் திரும்பிப் பார்த்தாள், காலி ரோடு. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். ரொம்ப நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தால் புது மாப்பிள்ளை உறைக்குள் தூங்குகிறது. எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை, எல்லார்மேலும் வந்தது.

மறுநாள் ஞாயிறு. அவளுக்கு விடுமுறை, மகராசி நாள் முழுக்க எங்கள் வாசலில். சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் படுத்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பள்ளிக்கூட மணி மாதிரி, நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும். குறட்டை கேட்டதும் கொல்லைப்பக்கம் போய்த் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்தேன்.

தனி ஆளாகக் கல்லை எப்படி எடுப்பது என்று பல நாளாக யோசித்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கயிற்றின் ஒரு நுனியைக் கல்லில் இறுகக் கட்டினேன். மறு நுனியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன். பிரேக்கை மிதித்தேன். பீரோ சாவியைப் போட்டுத் திருப்பினேன், திரும்பியது. கயிற்றைப் பக்கவாட்டில் சுண்டி இழுத்தேன். கல் உருண்டு ஓரத்துக்குப் போனது. கயிற்றை வெளியே விட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. முதலில் எறும்பு போல, அப்புறம் ஜன்னல்களும் கதவுகளும் பின்னால் ஓடத் தொடங்கின. பாதிச் சரிவில் கிளட்சை விட்டேன். தூக்கிப் போட்டது, இருமியது, பிடித்துக்கொண்டது. விசிறியிலிருந்து ஒரு இறகு வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். தனியாக இருக்கும்போது நான் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை.

எங்கும் போகவில்லை. நான் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிறுத்தத்தைக் கடந்து போனேன். அதைக் கடப்பதற்காகவே மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்தேன். கடை வரை போய், மூடியிருந்த ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு வளைவில் குப்பைத்தொட்டியை லேசாக உரசிவிட்டது. பதறிப் பிரேக்கை மிதித்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இந்த வண்டியில் உரசினால் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் அவள் வருஷம் முழுக்கத் தனியாக அனுபவித்திருக்கிறாள். அந்த இடத்திலும் அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அவர் எழுந்திருக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அவசர அவசரமாகச் சரிவில் ஏறி வந்து, அதே இடத்தில் அங்குலம் பிசகாமல் நிறுத்தினேன். கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அடியில் நன்றாக முட்டுக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உள்ளே போய் முகம் கழுவினேன். அன்று சாயங்காலம் தூறல் போட்டதால் புது மாப்பிள்ளை உறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் விடியற்காலை சின்னவளின் குரல் ஜன்னலில் கேட்டது.

"அக்கா! இங்க வா. மகராசி ஏன் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறா?"

வெளியே வந்து பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கீழேயிருந்து ஏறி வந்த வண்டியை ஏறி வந்த வாக்கிலேயே நிறுத்தியிருக்கிறேன். தொட்டிப் பக்கம் போய்த் திருப்பவில்லை. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் புது மாப்பிள்ளை, அதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி. உருட்டிவிட எங்கே இடம்?

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரரும் வாயில் பிரஷ்ஷோடு வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. மகராசி ராத்திரி தூக்கத்துல திரும்பிப் படுத்துட்டா."

"கார் எப்படித் தானாத் திரும்பும்?" கணக்கு வாத்தியார் குனிந்து பார்த்தார். கல்லில் கயிறு அப்படியே கட்டியிருந்தது. "இது நம்ம கொடிக்கயிறு இல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மழுப்பலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கும் ரோஷம் உண்டு.

"நான்தான் எடுத்தேன். நேத்து மத்தியானம். ஓட்டிட்டு வந்தேன்."

"நீயா?"

"ஏன், லைசன்ஸ் எனக்கு இருக்கு. வேணும்னா கீறல் விழுந்திருக்கான்னு சுத்திப் பாத்துக்கங்க."

அவர் நிஜமாகவே சுற்றிப் பார்த்தார். அந்த வண்டியில் புதுக் கீறல் எது, பழைய கீறல் எது என்று கணக்கு வாத்தியாரால்கூடப் பிரிக்க முடியாது.

சின்னவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்தாள். செல்ஃப் ஒரு முனகல் முனகிவிட்டு ஓய்ந்தது. இறங்கி வந்தவள் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது.

"தாத்தா பட்டினியா உக்காந்திருப்பாரு. நேரமாச்சுன்னா அவருக்கு மயக்கம் வந்துடும்."

என்னால் ஒரு கிழவர் மயங்கி விழப் போகிறார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை எடுத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கவலப்படாதம்மா. என் வண்டில கொண்டு விடறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. போய் உறையை உருவத் தொடங்கிவிட்டார். கேட்காமலே! விடியற்காலையில்! ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, திங்கட்கிழமை! தோள் கழலக் கழல இத்தனை நாள் புத்தகம் சுமந்தேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த உறை எனக்காகக் கழன்றதா? இவள் வந்து நின்றதும் கழல்கிறது. சின்ன வயதுக் கவுன் முதல் சனிக்கிழமைக் கொய்யாக் கன்று வரை எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. இரண்டு பேரையும் அந்தக் கல்லாலேயே அடிக்கலாம் போலிருந்தது.

சின்னவள் பாதி கழன்ற உறையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"வேணாம் மாமா. ஐஸ் தண்ணி சொட்டும், சீட்டெல்லாம் வீணாயிடும்."

"கீழ பேப்பர் போட்டுக்கலாம்மா."

"வேணாம் மாமா. வண்டிய ஏத்தினவளுக்கு இறக்கத் தெரியாதா? ரிவர்ஸ் கியர்ல பின்னால உருட்டிவிட்டு எடுத்தா எடுத்துக்கும்." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ எடு. எனக்குப் பின்னால எடுக்க வராது. தெருவுல இருக்கிற கம்பமெல்லாம் சாஞ்சிடும்."

சொல்லிவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்து, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஏறினேன். சீட்டை முன்னால் இழுத்தேன். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"என்னங்க, அந்தக் கல்லக் கொஞ்சம் எடுங்க."

அவர் ஒரு கணம் புரியாமல் நின்றார். பிறகு பின்னால் போய்க் குனிந்து கல்லை உருவினார்.

முழுக்கத் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே விட்டேன். வண்டி பின்பக்கமாகச் சரிவில் இறங்கியது. இந்தப் பக்கம் விளக்குக் கம்பம், அந்தப் பக்கம் யாருடையதோ ஸ்கூட்டர், நடுவே சரியாக ஒரு கார் அகலம். பாதிச் சரிவில் கிளட்சை விட்டேன். வண்டி உலுக்கிய உலுக்கலில் சின்னவள் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா!" என்றாள். இருமல், இன்னொரு இருமல், பிடித்துக்கொண்டது. ஒரு கம்பமும் சாயவில்லை. நிமிர்ந்து முன்னால் பார்த்தேன். சரிவின் உச்சியில் என் வீட்டுக்காரர் கல்லைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கயிறு கால்வரை தொங்கியது.

தாத்தா வாசலில்தான் இருந்தார். அவள் சொன்னது பொய்யில்லை. வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. அந்தச் சத்தத்தை எழுப்பிக்கொண்டு வந்தவள் நான். எனக்கு என்னமோ செய்தது.

"புது டிரைவராம்மா?" என்றார்.

"இல்ல தாத்தா, எங்க அக்கா. முதல் தடவயிலேயே பாஸ் பண்ணினவங்க" என்றாள் சின்னவள், ஊசியை எடுத்துக்கொண்டே. இத்தனை வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது.

மற்ற வீடுகளையும் முடித்துக்கொண்டு லேபுக்குப் போகிற வழியில் அவள் பேச்சைத் தொடங்கினாள்.

"தினம் காலைல சீட்டப் பின்னால தள்ளிட்டுத்தான் நான் உக்கார்றேன். தெரியுமா?"

நான் ரோட்டையே பார்த்தேன்.

"எப்ப எடுப்ப, எப்ப எடுப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பீரோ சாவி கதைய உன்கிட்ட எதுக்குச் சொன்னேன்னு நெனச்ச?"

"நீயே எடுத்துக்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எடுப்பியா? உன் டப்பா யாருக்குடி வேணும்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை.

"லேப்ல குடுத்தப்புறம் சாயங்காலம் வரைக்கும் இவ சும்மாதான் நிக்கறா. கடைக்கு எடுத்துட்டுப் போ. பெட்ரோல் மட்டும் பாத்துக்க, முள்ள நம்பாத, அது பாதின்னு காட்டினா காலின்னு அர்த்தம்."

சரி என்றேன். நன்றி என்று சொல்ல வரவில்லை. தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இத்தனை நாள் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறாளே, அந்த மனசு எனக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று அதற்கும் ஒரு பொறாமை. இவளிடம் மட்டும் எனக்குத் தீரவே தீராது போலிருக்கிறது.

அவளை லேபில் இறக்கிவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தேன். மாதிரிப் புத்தகங்களை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை மறக்காமல் மேலே போய், தொட்டிப் பக்கத்தில் திருப்பி, பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, பையோடு வாசலில் நின்றிருந்தார். புது மாப்பிள்ளையின் உறை காலையில் உருவிய மாதிரியே பாதியில் தொங்கியது. அவர் அதைச் சரிசெய்யாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

"எப்படி ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுது."

"சத்தம் தெருமுனையிலேயே கேட்டுது." தெருவை ஒரு தடவை பார்த்தார். "எல்லாரும் உன்னப் பாத்தாங்களா?"

அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். இத்தனை நாள் அது என் தொண்டைக்குள் இருந்தது.

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "வர்ற ஞாயித்துக்கிழமை வேணா... நம்ம வண்டிய நீ கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்குறியா? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

எத்தனையோ நாள் காத்திருந்த வார்த்தை. பாதி உறைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் ஒட்டிய சீட்டு பளபளத்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வேணாங்க" என்றேன். "கீறல் விழும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு இரக்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

"அந்தக் கல்ல மட்டும் கொஞ்சம் வச்சிடுங்க. முன் சக்கரத்துக்கு. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி."

அவர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, குனிந்து, நான் சொன்ன இடத்தில் கல்லை வைத்தார்.